பெட்டி கொடுத்தாச்சு... சாவி?

உங்களுக்கு ஒரு சின்னக் கணக்கு. பி.காம். முதல் வருஷக் கணக்குதான், பயப்படாதீர்கள்.

இரண்டு வீடுகளை நினைத்துக்கொள்ளுங்கள். ஒன்று பெரம்பலூர் டவுனில். இன்னொன்று அரியலூர் மாவட்டத்தில், செந்துறையிலிருந்து உள்ளே தள்ளி ஒரு கிராமத்தில். இரண்டு வீட்டிலும் கல்லூரியில் இரண்டாம் வருஷம் படிக்கிற பிள்ளை. முதல் வீட்டில் மகன், இரண்டாவது வீட்டில் மகள். அரசாங்கம் இருவருக்கும் ஒரே கம்பெனி, ஒரே மாடல் லேப்டாப் கொடுக்கிறது. பதிவேட்டில் இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு வாங்கிப் போகிறார்கள்.

கேள்வி இதுதான்: இரண்டு பேருக்கும் கிடைத்தது ஒன்றா?

'ஆமாம், அதிலென்ன சந்தேகம்?' என்றால் நீங்கள் நல்ல ஆடிட்டர். பதிவேட்டில் இரண்டு வரியும் சமம்தான். 'இல்லையே...' என்று இழுத்தால் உங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போகிற ஒரு பெண் இருக்கிறாள் என்று அர்த்தம்.

தமிழ்நாட்டுக்கு இந்தக் கணக்கு புதுசு இல்லை. 2011 செப்டம்பர் 15-ம் தேதி, திருவள்ளூர் மாவட்டம் காக்களூரில் அன்றைய முதல்வர் ஜெயலலிதா விலையில்லா லேப்டாப் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். முதல் வருஷத்தின் இலக்கு மட்டும் 9 லட்சத்தைத் தாண்டியது. அதற்கடுத்த பத்தாண்டுக்குள் 50 லட்சத்துக்கும் மேல் லேப்டாப்புகள் பிள்ளைகளின் கைக்குப் போயின. கொரோனா காலத்தில், கல்லூரிகள் பூட்டிக் கிடந்தபோது, 2021 ஜனவரியில் இன்னோர் அறிவிப்பு வந்தது. ஆன்லைன் வகுப்புக்காக 9,69,047 கல்லூரி மாணவர்களுக்கு ஏப்ரல் வரை தினமும் 2 ஜி.பி. டேட்டா இலவசம். 2025 மார்ச் பட்ஜெட்டில், இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு லேப்டாப் அல்லது டேப்லட் என்று அறிவித்தார்கள். ஆட்சி மாறும், பெட்டியின் மேல் இருக்கிற படம் மாறும். பெட்டி மட்டும் வந்துகொண்டே இருக்கும்.

உடனே 'இலவசம் கொடுத்துக் கெடுக்கிறாங்க சார்' என்று ஆரம்பிக்காதீர்கள். அந்தக் கட்சியில் நான் இல்லை. உயர்கல்விக்குப் போகிற வயதில் உள்ளவர்களில் எத்தனை பேர் உண்மையில் போகிறார்கள் என்று மத்திய அரசு எடுத்த 2021-22 கணக்கில், இந்தியா முழுக்க 28.4 சதவிகிதம், தமிழ்நாட்டில் 47. இந்த வித்தியாசம் வானத்திலிருந்து விழவில்லை. மதிய உணவு, பஸ் பாஸ், சைக்கிள், உதவித்தொகை என்று யாரோ எப்போதோ கொடுத்ததன் பலன் அது. கொடுத்ததில் தப்பில்லை. கொடுத்ததோடு கணக்கை மூடிவிட்டோமே, அதைப் பற்றித்தான் பேச வேண்டும்.

காமர்ஸ் படித்தவனுக்கு இரண்டு செலவுகள் தெரியும். ஒன்று மூலதனச் செலவு. ஒரு தடவை போட்டால் போதும். மெஷின் வாங்குவது மாதிரி. இன்னொன்று நடப்புச் செலவு. கரன்ட் பில், கூலி, எண்ணெய். தினமும் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். மெஷின் வாங்கிவிட்டு எண்ணெய்க்குக் காசில்லை என்றால் அந்த மெஷின் வெறும் இரும்பு. அதுவும் தேய்கிற இரும்பு. வருமான வரிச் சட்டம் கம்ப்யூட்டருக்கு வருஷத்துக்கு 40 சதவிகிதம் தேய்மானம் அனுமதிக்கிறது. நூறு ரூபாய் லேப்டாப் முதல் வருஷ முடிவில் 60 ரூபாய். இரண்டாம் வருஷம் 36. மூன்று வருஷ டிகிரி முடியும்போது 21 ரூபாய் 60 காசு. அதாவது, பையன் கையில் பட்டம் வரும்போது பெட்டியின் மதிப்பில் ஐந்தில் நாலு பங்கு போயிருக்கும். அதற்குள் அந்தப் பெட்டி அவன் மண்டைக்குள் எதையாவது மாற்றிப் போட்டிருந்தால் லாபம். இல்லையென்றால் மொத்தமும் நஷ்டக் கணக்கு.

சரி, செந்துறைப் பக்கத்து வீட்டுக்குப் போவோம். இது நான் கற்பனையில் கட்டிய வீடுதான். ஆனால், உள்ளே இருப்பதெல்லாம் உங்களுக்குத் தெரிந்த சங்கதிதான்.

பெரம்பலூர், அரியலூர் பக்கம் பல வீடுகளில் ஒருத்தர் சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ இருப்பார். அந்த வீடுகளுக்கு டச் போன் வந்ததே படிப்புக்காக இல்லை. அப்பா முகத்தைப் பார்க்க. ஆகவே அது 'வீட்டு போன்'. அம்மாவிடம் இருக்கும். தம்பி கையில் இருக்கும். அக்கா கைக்கு வரும்போது மட்டும் வீடே கொஞ்சம் உஷாராகும். 'யார் கூடப் பேசுற? ராத்திரி பத்து மணிக்கு என்ன போன்?' தம்பியை யாரும் இப்படிக் கேட்பதில்லை. அவன் விளையாடுகிறான் என்று எல்லோருக்கும் தெரியும். விளையாடினால் தப்பில்லை. அவள் படித்தால்தான் சந்தேகம்!

மிகையாகச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வு இந்தியா முழுமைக்கும் எடுத்த கணக்கு இது: தானே பயன்படுத்திக்கொள்ள ஒரு மொபைல் வைத்திருக்கும் பெண்கள் 54 சதவிகிதம். ஒரு தடவையாவது இன்டர்நெட் பயன்படுத்திய ஆண்கள் 57 சதவிகிதம். பெண்கள் 33. கருவி வீட்டுக்குள் வந்துவிட்டது. கைக்கு வரவில்லை.

அடுத்தது நேரம். காலையில் தண்ணீர் பிடித்து, சமையலில் கைகொடுத்து, பஸ் பிடித்து, மாலையில் திரும்பி, ஆட்டைக் கட்டி, பாத்திரம் கழுவி முடித்தால் மணி ஒன்பது. டவுன் பையனுக்கு மாலை ஐந்து மணிக்கே லேப்டாப் திறக்கும். இரண்டு பேருக்கும் ஒரு நாளைக்கு 24 மணி நேரம்தான். அவளுடையதில் அவளுக்கென்று மிஞ்சுவது எவ்வளவு?

அப்புறம் சிக்னல். ஊரடங்கின்போது நாமக்கல் மாவட்டத்து மலையடிவாரக் கிராமம் ஒன்றில் பிள்ளைகள் ஆன்லைன் வகுப்புக்காக ஆலமரத்தில் ஏறி உட்கார்ந்திருந்த படத்தைப் பேப்பரில் பார்த்திருப்பீர்கள். 'அடடா, என்ன ஆர்வம்!' என்று பாராட்டினோம். நல்ல விஷயம்தான். ஆனால், ஒரு பெண் பிள்ளை இருட்டிய பிறகு சிக்னல் தேடி ஊர்க்கோடிக்குப் போய் நிற்க முடியுமா? பாராட்டுவதற்கு முன்னால் அதையும் கேட்டிருக்கலாம்.

இப்போது சொல்லுங்கள். இரண்டு பேருக்கும் கிடைத்தது ஒன்றா?

இதே கேள்வியை 1979-ல் அமெரிக்காவில், ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஒரு சொற்பொழிவில் கேட்டார் அமர்த்தியா சென். 'சமத்துவம் என்கிறீர்களே, எதில் சமத்துவம்?' என்பதுதான் அந்தச் சொற்பொழிவின் சாரம். பின்னால் 1998-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அவர் தன் வாதத்துக்கு எடுத்துக்கொள்ளும் உதாரணங்களில் ஒன்று நமக்கு ரொம்பப் பழக்கமானது: சைக்கிள். சைக்கிள் என்பது பொருள். அதை ஓட்டி ஓரிடத்துக்குப் போக முடிவது ஆற்றல். கால் இயலாதவருக்கும் உங்களுக்கும் ஒரே சைக்கிளைக் கொடுத்துவிட்டு 'சமமாகக் கொடுத்தேன்' என்று சொன்னால் அது கணக்கில் சரி, நியாயத்தில் தப்பு. எத்தனை பொருள் கொடுத்தோம் என்று எண்ணாதே; அதை வைத்து அவர்களால் என்ன செய்ய முடிகிறது என்று பார். இவ்வளவுதான் விஷயம்.

சென் சொன்னதைப் புதுக்கோட்டைக்காரர்கள் செய்தே காட்டினார்கள். 1991-92-ல் அறிவொளி இயக்கம் நடந்தபோது, கலெக்டராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். எழுத்தோடு சேர்த்து சைக்கிளையும் கற்றுக்கொடுத்தார்கள், பெண்களுக்கு. பத்திரிகையாளர் பி.சாய்நாத் இதைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். கல் உடைக்கிறவர்கள், விவசாயக் கூலிகள், அங்கன்வாடி ஊழியர்கள், டீச்சர்கள் என்று மாவட்டத்தில் லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் சைக்கிள் பழகினார்கள். லேடீஸ் சைக்கிள் கிடைக்காதபோது ஆண்கள் சைக்கிளிலேயே ஏறினார்கள். பாரில் குழந்தையை உட்காரவைக்க வசதி என்று அதையே விரும்பியவர்களும் உண்டு.

இதில் கவனிக்க வேண்டியது என்ன? சைக்கிள் 1991-ல் கண்டுபிடித்ததில்லை. அதற்கு முன்பும் வீட்டுத் திண்ணையில் சாய்த்துத்தான் வைத்திருந்தார்கள். புதிதாக வந்தது மூன்று: 'நீ ஓட்டலாம்' என்ற அனுமதி, பின்னால் பிடித்துக்கொண்டு ஓடிவர ஓர் ஆள், கூடவே விழுந்து எழுந்திருக்கப் பத்து சிநேகிதிகள். பெட்டிக்குச் சாவி என்று நான் சொல்வது இந்த மூன்றைத்தான்.

லேப்டாப் விஷயத்தில் பின்னால் பிடித்துக்கொண்டு ஓடிவர யார் இருக்கிறார்கள்? பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழில் படித்த பெண், கல்லூரியில் ஆங்கிலப் புத்தகத்தோடு உட்கார்கிறாள். 'எல்லாம் கூகுளில் இருக்கு' என்கிறோம். இருக்கிறது. ஐ.ஐ.டி. பேராசிரியர்களின் பாடங்களை என்.பி.டி.இ.எல். 2003-லிருந்து தயாரித்து வருகிறது. மத்திய அரசின் ஸ்வயம் 2017-லிருந்து இருக்கிறது. ஆனால், தேடுவதற்கு முதலில் ஒரு வார்த்தை தெரிய வேண்டுமே! நம் காமர்ஸ் மாணவி 'தேய்மானம்' என்று தமிழில் தேடினால், முழங்கால் தேய்மானத்துக்கு எண்ணெய் வைத்தியம் வந்து நிற்கலாம். 'டெப்ரிசியேஷன்' என்று ஆங்கில எழுத்துக் கூட்டித் தேடத் தெரிந்தவனுக்குக் கணக்கு வரும். கடல் ஒன்றுதான். ஆனால், வலை எல்லோரிடமும் இல்லை.

இதற்கு ஒரு லெக்சரர் பத்து நிமிஷம் ஒதுக்கினால் போதும். 'இந்தப் பாடத்துக்கு இந்த ஐந்து வார்த்தைகளைப் போட்டுத் தேடு. இந்த இரண்டு இடத்தில் நம்பிப் படிக்கலாம். இதை நம்பாதே' என்று போர்டில் எழுதிப் போட்டால் பாதிப் பெட்டி திறந்துவிடும். பல இடங்களில் நடப்பதோ வேடிக்கை. கல்லூரிக்குள் செல்போன் தடை. வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். ஆனால் டைம்டேபிள், சர்க்குலர், அசைன்மென்ட் தேதி எல்லாம் ராத்திரி வாட்ஸ்அப்பில் வரும்! பகலில் குற்றம், இரவில் கட்டாயம். பிள்ளைகள் இதிலிருந்து கற்றுக்கொள்வது, ஒளித்துவைத்துப் பயன்படுத்தவேண்டிய சாமான் இது என்பதை மட்டும்தான்.

'சரி சார், பெட்டியும் சாவியும் கொடுத்தாச்சு. அப்பவும் ரீல்ஸ்தானே பார்க்கிறான்? அசைன்மென்டை ஏ.ஐ. எழுதித் தருது. இவன் பேரை மட்டும் போடறான். அதுக்கு என்ன சொல்றீங்க?'

நியாயமான கேள்வி. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்ததிலிருந்து இந்தக் கவலை எல்லா ஸ்டாஃப் ரூமிலும் இருக்கிறது. ஆனால், கொஞ்சம் பின்னால் போய்ப் பாருங்கள். சீனியரின் ரெக்கார்டு நோட்டை அப்படியே பார்த்து எழுதிய தலைமுறை எது? பரீட்சைக்கு முதல் நாள் மைக்ரோ ஜெராக்ஸ் கடையில் க்யூ நின்றது யார்? ஐந்து வருஷக் கேள்வித்தாளை வைத்து 'இது இந்த வருஷம் வராது' என்று ஆரூடம் சொன்னது யார்? சோம்பேறித்தனத்தை ஏ.ஐ. கண்டுபிடிக்கவில்லை. அதற்கு ஒரு நல்ல மோட்டார் மாட்டிக்கொடுத்திருக்கிறது, அவ்வளவுதான்.

மாணவன் கருவியை எதற்குப் பயன்படுத்துவான் என்பது, நாம் அவனிடம் என்ன கேட்கிறோம் என்பதைப் பொறுத்தது. ஓர் உதாரணம், அந்த ஊரிலிருந்தே.

பெரம்பலூர் மாவட்டத்தில் சாத்தனூர் என்று ஒரு கிராமம். அங்கே ஒரு கல்மரம் படுத்துக் கிடக்கிறது. சுமார் 12 கோடி ஆண்டுகளுக்கு முன்பு வாழ்ந்த மரம், அப்படியே கல்லாகிவிட்டது. 18 மீட்டர் நீளம். 1940-ல் புவியியல் அறிஞர் எம்.எஸ்.கிருஷ்ணன் அதை உலகத்துக்குச் சொன்னார். அந்தப் பகுதி முழுக்க அப்போது கடல். அந்தக் கடல் விட்டுப்போன சுண்ணாம்புக் கல்லை வெட்டித்தான் அரியலூரில் சிமென்ட் செய்கிறார்கள். உங்கள் வீட்டுச் சுவரில்கூட அந்தக் கடலில் ஒரு பிடி இருக்கலாம்.

இப்போது ஒரு ஆசிரியர், 'சாத்தனூர் கல்மரம் பற்றி ஐந்து பக்கம் எழுதி வா' என்கிறார். என்ன நடக்கும்? போனில் இரண்டு தட்டு. ஐந்து பக்கம் தயார். ஆசிரியரும் படிக்கமாட்டார், மாணவனும் படிக்கமாட்டான். எழுதிய மெஷினுக்கும் அக்கறை இல்லை. மூன்று பேருமாகச் சேர்ந்து ஒரு பொய்க் கணக்கு எழுதுகிறார்கள்.

இன்னொரு ஆசிரியர் சொல்கிறார்: 'சாத்தனூருக்குப் போ. மரத்தை உன் காலடியால் அளந்து பார். போட்டோ எடு. அந்த ஊர்ப் பெரியவர் யாரிடமாவது, கல்மரம் பற்றிச் சின்ன வயதில் என்ன கேள்விப்பட்டார் என்று விசாரித்து ரெக்கார்டு செய். பிறகு இன்டர்நெட்டில் சொல்வதும் நீ பார்த்ததும் எங்கே ஒத்துப்போகிறது, எங்கே ஒத்துப்போகவில்லை என்று ஒன்றரைப் பக்கம் எழுது. ஏ.ஐ.யிடம் கேட்டால் தப்பில்லை. அது சொன்னதில் எது தப்பு என்று கண்டுபிடித்தால் இரண்டு மார்க் கூடுதல்.'

அதே போன். அதே மாணவன். முதல் கேள்வியில் போன் அவனுக்குப் பதிலாகப் படிக்கிறது. இரண்டாவதில் அவனுக்கு அளவுகோலாக, கேமராவாக, டேப் ரெக்கார்டராக, வாதம் செய்கிற சிநேகிதனாக ஆகிவிடுகிறது. இதை மாற்றியது பட்ஜெட் அல்ல. கேள்வி கேட்டவருடைய பத்து நிமிஷ யோசனை.

அப்படியானால் மாணவனுக்குப் பொறுப்பே இல்லையா? கண்டிப்பாக உண்டு. இரவு இரண்டு மணி வரை ரீல்ஸ் தள்ளிக்கொண்டிருப்பவனை அரசாங்கமோ ஆசிரியரோ கையைப் பிடித்து நிறுத்த முடியாது. தெரிந்தே திருடி எழுதினால் அது திருட்டுதான், கருவி மேல் பழி போட முடியாது. ஆனால் பொறுப்பு என்பது, இரண்டு வழி இருந்து ஒன்றைத் தேர்ந்தெடுக்க முடிகிறவனுக்குத்தான் முழுசாகப் பொருந்தும். டவுன் பையன் லேப்டாப்பை வீணடித்தால் அது அவன் கணக்கு. செந்துறைப் பக்கத்துப் பெண்ணின் லேப்டாப் பீரோ மேல் துணி போர்த்திக் கிடந்தால் அதை அவள் கணக்கில் எழுதலாமா? வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்று மாதிரிதான் தெரியும்: 'கொடுத்தும் பயன்படுத்தலை.' ஒன்று விருப்பம், இன்னொன்று வழியின்மை. இரண்டையும் ஒரே பேரேட்டில் எழுதுவதுதான் நாம் செய்கிற பெரிய அநியாயம்.

இங்கேதான் இன்னோர் ஆபத்தும் இருக்கிறது. தெருவிளக்கில் படித்து ஜெயித்தவர்கள், ஓட்டை போனில் வீடியோ பார்த்து குரூப் தேர்வில் பாஸானவர்கள்... அந்தக் கதைகளை நமக்கு ரொம்பப் பிடிக்கும். அவர்களுக்கு ஒரு கும்பிடு. ஆனால், அடுத்த மூச்சில், 'அவளால முடிஞ்சுது, உனக்கென்ன கேடு?' என்று மற்ற 99 பேரிடம் திரும்புகிறோம் பாருங்கள், அதில் நம் சௌகரியம் ஒளிந்திருக்கிறது. ஒருத்தி மதில் ஏறிக் குதித்தாள் என்பது அவளுடைய பெருமை. அதை வைத்து, வாசல் கதவைத் திறக்கவேண்டிய நம் கடமையைத் தள்ளுபடி செய்ய முடியாது.

சரி, கதவைத் திறப்பது எப்படி? பெரிய திட்டமெல்லாம் சொல்லப்போவதில்லை. நீங்கள் ஆசிரியராக இருந்தால் கேள்வியை மாற்றுங்கள். கல்லூரி நடத்துகிறவராக இருந்தால் மாலை ஏழு மணி வரை ஒரு ஹாலும் வைஃபையும் திறந்துவையுங்கள். அதற்கப்புறம் ஊருக்குப் போக பஸ் இருக்கிறதா என்றும் பாருங்கள், ஏனென்றால் கடைசி பஸ் போன பிறகு திறந்திருக்கிற லைப்ரரி டவுன் பிள்ளைக்கு மட்டும்தான் லைப்ரரி. தகப்பனாக, அண்ணனாக இருந்தால், வீட்டுப் பெண்ணின் கையில் போன் இருக்கும்போது கொஞ்சம் அந்தப் பக்கம் பார்க்காமல் இருந்து பழகுங்கள். மாலையில் அவளுக்கென்று ஒரு மணி நேரம், தம்பி பாத்திரம் கழுவுகிற ஒரு மணி நேரம். இதற்கு அரசாணை வேண்டாம்.

இன்றைக்கு ராத்திரி வீட்டில் படிக்கிற பிள்ளையிடம் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். 'இன்னிக்கு எவ்வளவு நேரம் போன் பார்த்தே?' என்று போலீஸ் கேள்வி வேண்டாம். 'ஏதாவது தேடிக் கிடைக்காமப் போச்சா?' என்று கேளுங்கள். முதல் நாள் முறைப்பார்கள். இரண்டாம் நாள் சிரிப்பார்கள். மூன்றாம் நாள் ஏதாவது ஒன்றைச் சொல்வார்கள். அது உங்களுக்கும் தெரியாததாக இருந்தால் ரொம்ப நல்லது. பக்கத்தில் உட்கார்ந்து சேர்ந்து தேடலாம்.